ஓதம் ஏறிய வீடு: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

சென்னையின் தென்பகுதியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அருகே, 24 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்பை நான் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த மழையின்போதும் எங்கள் தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. அவ்விரு முறையும், இடைப்பட்ட சாதாரண மழைக்காலங்களிலும், திரும்பத் திரும்ப ஒரே வகையான புகார்களே வந்தன: சுவர் உப்புகிறது, சீலிங்கில் கறை தெரிகிறது, அலமாரிக்குப் பின்னால் கரும்புள்ளி படர்கிறது. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் முதலில் அழைத்தது பெயிண்டரைத்தான். அவர் சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்துவிட்டுப் போவார். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில், ஏறக்குறைய அதே வடிவத்தில், கறை திரும்பி வரும். பெயிண்டர் கடைசியாக வர வேண்டியவர் என்பதைப் பணம் செலவழித்துத்தான் கற்றுக்கொண்டோம்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு மிகுந்தது இறுதியிலும் வரும். சோதனைகளுக்குப் பென்சில், சாக்பீஸ், டார்ச், சிறிய சுத்தியல், ஒரு பாலித்தீன் தாள், அகலமான ஒட்டுநாடா, கேசரிப்பொடி ஆகியவை போதும்.

1. ஈரச் சுவரையோ குழாயையோ தொட்டால் ‘சுர்’ என்று உறைக்கிறது

இதற்கு வீட்டுச் சோதனை எதுவும் கிடையாது. காய்ந்த காலில் செருப்போடு, காய்ந்த தரையில் நின்றபடி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். மெயின் சுவிட்சை அடையத் தண்ணீரில் நடக்க வேண்டியிருந்தால் அதைத் தொடக்கூடாது; மின்வாரியத்துக்குத் தகவல் கொடுத்து வெளியிலிருந்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்ல வேண்டும்.

வெள்ளம் புகுந்த வீட்டில் தண்ணீர் எந்த உயரம் வரை நின்றதோ, அந்த உயரத்துக்குக் கீழே உள்ள பிளக் பாயிண்டுகள் அனைத்தையும் கழற்றிச் சேற்றை நீக்கி, உலர வைத்து, ஒயர்களைச் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். மேலே காய்ந்து தெரிந்தாலும் சுவருக்குள் பதித்த குழாயில் தண்ணீர் பல நாள்கள் தங்கியிருக்கும். எலக்ட்ரீஷியன் வரும்போதே, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உங்கள் பெட்டியில் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய குடியிருப்புகள் பலவற்றில் அது இருப்பதில்லை.

2. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சுவர் உப்பி, பெயிண்ட் உரிகிறது

அதிகமாக வரும் புகார் இதுதான். அதிகமாகத் தவறான வைத்தியம் செய்யப்படுவதும் இதற்குத்தான். முதலில் ஈரம் முடியும் எல்லையைப் பென்சிலால் கோடிட்டுப் பக்கத்தில் தேதியை எழுதி வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை கோடு போட்டு வந்தால், மூன்று வாரத்தில் அந்த ஈரம் ஏறுகிறதா, இறங்குகிறதா, மழைக்கு மட்டும் ஏறுகிறதா என்பது தெரிந்துவிடும். காரணத்தில் பாதியை இந்தக் கோடே சொல்லிவிடும்.

2-அ. ஒரே ஒரு சுவரில், அதிலும் ஒரு பகுதியில் மட்டும் தெரிந்தால்

முதலில் அந்தச் சுவரின் மறுபக்கத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். வெளிப்புறச் சுவராக இருந்தால், அடியில் மண்ணோ கட்டடக் கழிவோ வீட்டின் தரைமட்டத்துக்கு மேல் குவிந்திருக்கிறதா, பூந்தொட்டிகள் சுவரை ஒட்டி இருக்கின்றனவா, ஏ.சி.யின் வடிகுழாய் சுவரடியிலேயே சொட்டுகிறதா என்று கவனியுங்கள். எங்கள் முதல் மாடியில் ஒரு படுக்கையறைச் சுவரை இரண்டு முறை பூசிய பிறகுதான், மேல்வீட்டு ஏ.சி.யின் மெல்லிய குழாய் சன்ஷேடின் மேல் வந்து முடிவதையும், அந்தத் தண்ணீர் சன்ஷேடுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மயிரிழை விரிசல் வழியாக உள்ளே இறங்குவதையும் கண்டோம். இரண்டடிக் குழாயை நீட்டி வடிகாலில் விட்டோம். சுவர் கோடைக்குள் காய்ந்துவிட்டது.

மறுபக்கம் குளியலறையாக இருந்தால், அந்தக் குளியலறையை மூன்று நாள் பயன்படுத்தாமல் பூட்டி வைப்பதே முதல் சோதனை. வீட்டில் இன்னொன்று இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்டாவது இதைச் செய்யலாம். மூன்று நாளில் ஈரத்தின் விளிம்பு மங்கத் தொடங்கினால், டைல்ஸ் இடுக்குகளிலோ, தரை வடிகால் வாயைச் சுற்றியோ தண்ணீர் இறங்குகிறது என்று பொருள். பழைய இடுக்குச் சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புவது ஒரு நாள் வேலை; கொத்தனார் டைல்ஸ் முழுவதையும் உடைக்க வேண்டும் என்று தொடங்கினால், இதை முதலில் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

குளியலறையைப் பூட்டியும் ஈரம் குறையவில்லை என்றால், சுவருக்குள் பதித்த தண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். பயன்படுத்தாத நேரத்திலும் அதில் தண்ணீரின் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கிறது. இரவு படுக்கப் போகும் முன் மேல்நிலைத் தொட்டிக்குள் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து, மோட்டாரை அணைத்து, எல்லாக் குழாய்களையும் மூடிவிட வேண்டும்; விடியற்காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. பல வீடுகளுக்குப் பொதுவான தொட்டியாக இருந்தால் இந்தச் சோதனை பொருந்தாது. அப்போது உங்கள் வீட்டுக்கு வரும் வால்வை இரண்டு நாள் இரவில் மூடி வைத்துவிட்டுச் சுவரைப் பாருங்கள். ஒரு வீட்டில் சுவரைத் திறந்தபோது, முழங்கை வளைவு இணைப்பில் எள்ளின் அளவுகூட இல்லாத துளையிலிருந்து தண்ணீர் ஊசி போலப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அந்த ஒரு துளைக்காக அந்தச் சுவருக்கு மூன்று முறை பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

பிளம்பரை அழைக்க வேண்டிய கட்டம் இதுதான். சுவரை உடைக்கும் முன் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் அழுத்தமானியோடு கூடிய பம்பால் தண்ணீரை ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பது அது. சுடுநீர்க் குழாயையும் குளிர்நீர்க் குழாயையும் தனித்தனியாகச் சோதித்தால் உடைக்க வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.

2-ஆ. தரைத்தளத்தில் எல்லாச் சுவர்களிலும், வெள்ளைப் பொடியோடு தெரிந்தால்

சுவர் உப்புப் பூத்திருக்கிறது. ஈரம் சுவருக்குள் இருக்கிறதா, அறைக்காற்றிலிருந்து படிகிறதா என்பதைத் தெரிந்துகொள்ள, ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் இறுக ஒட்டி, ஒரு நாள் முழுதும் விட்டுவிட வேண்டும். தாளின் உட்புறத்தில், அதாவது சுவரைப் பார்த்த பக்கத்தில், நீர்த்துளிகள் கட்டினால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் கட்டினால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. அதற்கு ஐந்தாவது பகுதியைப் பார்க்கவும்.

சுவரிலிருந்துதான் வருகிறது என்றால் இரண்டு வாய்ப்புகள் உள்ளன. வீட்டுக்குள் தண்ணீர் நின்றிருந்தால், செங்கல் குடித்த வெள்ளநீர் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் உங்கள் பென்சில் கோடு மெல்ல மெல்ல இறங்கி வரும். வெள்ளமே வராத வீட்டில் கோடு ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், பெரும்பாலும் மூன்றடிக்குள், நின்றால் அது அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம். தரைமட்டத்தில் ஓதத் தடுப்புப் பட்டை போடப்படவில்லை, அல்லது போட்டது கெட்டுவிட்டது.

முதல் வகைக்கு வேண்டியது பொறுமைதான். செங்கல் சுவர் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் புழங்கும் தோராயக் கணக்கு. 9 அங்குலச் சுவர் இரு பக்கமும் காற்றுப்பட்டுக் காய்ந்தாலும் நான்கைந்து மாதம் ஆகும். நம் ஊரில் டிசம்பரில் வெள்ளம் வருகிறது, ஜனவரி நடுவில் பொங்கல் வந்துவிடுகிறது. பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசையில் ஈரச் சுவரின் மேல் எமல்ஷன் அடித்தவர்களின் வீடுகளில் எல்லாம் சித்திரை வெயிலில் அது அப்பளம் போலக் கொப்பளித்து எழுந்தது. முன்பு பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. சுண்ணாம்பு ஈரத்தைத் தன் வழியே வெளியே விட்டுவிடும், பிளாஸ்டிக் கலந்த பெயிண்ட் அதை உள்ளே அடைத்து வைக்கும். பண்டிகைக்குக் கட்டாயம் ஏதாவது அடித்தே தீர வேண்டும் என்றால் அந்த ஆண்டுக்குச் சுண்ணாம்பை அடியுங்கள்.

செய்ய வேண்டிய முறை இது. உரிந்த பெயிண்டையும், தட்டினால் பொல்லென்று உதிரும் பூச்சையும், ஈரக்கோட்டுக்கு ஓர் அடி மேல் வரை கொத்தி எடுத்துவிட்டுச் செங்கலைத் திறந்து விட வேண்டும். உப்பைக் காய்ந்த தூரிகையால் மட்டும் தேய்த்து முறத்தில் வாரி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பப் போய், காயும்போது மீண்டும் பூக்கும். பூப்பது நின்று, பாலித்தீன் தாளின் உட்புறம் காய்ந்தே இருக்கும் நிலை வந்த பிறகு, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் பூசி, ஏழு நாள் தண்ணீர் தெளித்து நீராற்றி, நான்கு வாரம் கழித்துப் பெயிண்ட் அடிக்கலாம்.

அவசரப்பட்டு அந்த அடிப்பகுதியில் மட்டும் டைல்ஸ் ஒட்டி மறைப்பது பலர் செய்யும் வேலை. ஈரம் போக வழி இல்லாமல் டைல்ஸுக்கு மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருந்த கறை இடுப்பு உயரத்துக்கு வந்து நிற்கும்.

இரண்டாவது வகையான ஏறும் ஓதத்துக்கு நிபுணர் தேவை. தரைமட்டத்துக்குச் சற்று மேலே வரிசையாகத் துளையிட்டு, நீரை விலக்கும் ரசாயனத்தைச் செங்கல் குடிக்கும் வரை செலுத்துவது வழக்கமான வழி. துளைகளின் இடைவெளி, சுவரின் கனத்தில் எவ்வளவு ஆழம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். வெளியே மேலாகத் தடவும் பூச்சையே தீர்வு என்று சொல்பவரை அனுப்பிவிடலாம்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடுகளுக்கு இங்கே ஒரு விலக்கு உண்டு. அந்தச் சுவரின் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே சிக்கி, செங்கல் மாவாகி உதிரும். அந்த வேலைக்குச் சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

3. சீலிங்கில் பழுப்பு வளையம் தெரிகிறது, அல்லது தண்ணீர் சொட்டுகிறது

3-அ. மேலே மொட்டைமாடி, மழைக்கு மட்டும் வருகிறது

மாடிக்கு மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையோடு போய்ப் பார்ப்பது சிறந்தது. வெயிலில் எல்லா மாடிகளும் ஒழுங்காகவே தெரியும். தண்ணீர் எங்கே குட்டையாக நிற்கிறது என்பதைச் சாக்பீஸால் வரைய முடியாது, ஆகையால் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவே இல்லாத காரணம் மழைநீர் வடிகால் வாய் அடைபட்டிருப்பது. வேப்பிலையும் புறா இறகும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து அடைத்தால், நான்கு விரற்கடை தண்ணீர் மாடி முழுவதும் நின்று, சாதாரணமாக இறங்காத விரிசலிலும் இறங்கும். ஐப்பசி பிறக்கும் முன் ஒரு முறையும், கார்த்திகையில் ஒரு முறையும் அதைக் கையால் தோண்டி எடுப்பதை எங்கள் குடியிருப்பில் வழக்கமாக்கிய பிறகு, சீலிங் புகார்கள் கண்கூடாகக் குறைந்தன.

அடுத்தது மாடித் தளத்தின் மேல் பதித்திருக்கும் தட்டோட்டின் இடுக்குகள். அதற்கடுத்தது கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை. அங்கே சாய்வாகப் பூசிய பட்டை சுவரிலிருந்து விலகி இருக்கும், கத்தி முனை உள்ளே போகும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அதுவே வழி. துணிக்கொடிக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் அடித்த போல்ட் துளைகளையும் விடாமல் பாருங்கள்.

இவை எதுவும் அகப்படாவிட்டால் தேக்கச் சோதனை செய்ய வேண்டும். வடிகால் வாயைத் துணியால் அடைத்து, களிமண்ணாலோ சிமெண்டாலோ சிறு வரப்பு கட்டி, மாடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஓர் அங்குலத் தண்ணீரை ஒரு நாள் நிறுத்திப் பார்க்க வேண்டும். எந்தப் பகுதியில் நிறுத்தியபோது கீழே கசிகிறதோ அந்தப் பகுதிக்கு மட்டும் வேலை செய்தால் போதும். ஓர் அங்குலத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை என்பதால், கம்பி தெரியும் அளவுக்குச் சிதைந்த தளத்தில் இதைச் செய்யக்கூடாது. கசியும் புள்ளி கீழே எங்கே தெரிகிறதோ மேலேயும் அங்கேதான் ஓட்டை என்று நினைத்துவிடவும் கூடாது. தண்ணீர் தட்டோட்டுக்கு அடியில் பல அடி தூரம் ஓடிய பிறகே கீழே இறங்கும்.

விரிசலை அடைப்பதும் இடுக்கு நிரப்புவதும் கொத்தனார் வேலை. தட்டோட்டை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிய நீர்த்தடுப்புப் படலம் போட வேண்டும் என்ற நிலை வந்தால், குறைந்தது மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்குங்கள். வடிகால் வாயை நோக்கிய சரிவை எப்படிக் கொடுப்பார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். சரிவைப் பற்றிப் பேசாமல் ரசாயனத்தைப் பற்றி மட்டும் பேசுபவரின் வேலை நிலைப்பதில்லை என்பது என் அனுபவம்.

3-ஆ. மேலே மற்றொரு வீட்டின் குளியலறை, வெயில் காலத்திலும் வருகிறது

இங்கே பாதிப் பிரச்சினை தண்ணீர், மீதி மேல்வீட்டாரோடு பேசுவது. குற்றம் சாட்டாமல், சோதனைக்கு ஒரு நாள் ஒத்துழைக்கும்படி கேட்டுப் போங்கள். ஒரு குடம் தண்ணீரில் கேசரிப்பொடியைக் கரைத்து முதல் நாள் தரையில் ஊற்றிச் சிறிது நேரம் தேங்க வைக்க வேண்டும். மறுநாள் அதையே வாஷ்பேசினில் ஊற்ற வேண்டும். மூன்றாம் நாள் கழிப்பறைத் தொட்டியில் கலந்து தண்ணீர் விட வேண்டும். எந்த நாளின் நிறம் உங்கள் சீலிங்கில் தெரிகிறதோ அந்த இணைப்பே பழுது. எந்த நாளும் நிறம் தெரியாமல் தெளிந்த தண்ணீராகவே சொட்டிக்கொண்டிருந்தால், கழிவு நீர்க் குழாய் அல்ல, அழுத்தத்தில் உள்ள நன்னீர்க் குழாய் என்று கொள்ளலாம். 2-அ பகுதியில் சொன்ன அழுத்தச் சோதனைக்குப் போகவும்.

நிறத்துக்கு முன்பே மூக்கு சொல்லிவிடும் சந்தர்ப்பமும் உண்டு. கழிவறை வாடையோடு மஞ்சள் கறை இறங்கினால் வேறு சோதனைகளில் நாளைக் கடத்தாமல் பிளம்பரை அன்றே அழைக்க வேண்டும்.

4. சீலிங்கில் சிமெண்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது

கம்பி துருப்பிடிக்கும்போது பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை வெடிக்கச் செய்கிறது. முதலில் அந்த இடத்துக்குக் கீழே கட்டிலோ தொட்டிலோ இருந்தால் அப்புறப்படுத்துங்கள். பிறகு சுத்தியலின் மரக்கைப்பிடியால் சுற்றிலும் மெல்லத் தட்டிப் பாருங்கள்: ‘டொக்’ என்று வெற்றோசை கேட்கும் பரப்பு எல்லாம் விழக் காத்திருக்கிறது. சாக்பீஸால் எல்லையை வரைந்துகொள்ளுங்கள்.

ஓரிரு உள்ளங்கை அகலத்துக்கு, ஒரே கம்பியில், மேற்பரப்புத் துரு மட்டும் இருந்தால் அனுபவமுள்ள கொத்தனார் போதும். ஆனால் அவர் துருவை முழுவதும் கம்பித் தூரிகையால் நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு தடவி, பழுதுபார்ப்புக்கென விற்கும் பாலிமர் கலவையால் நிரப்ப வேண்டும். வெறும் சிமெண்ட் சாந்தை அப்பிவிட்டுப் போனால் அது அடுத்த ஆண்டு மொத்தமாகக் கழன்று விழும். கம்பிகள் பல தெரிந்தாலோ, கம்பி மெலிந்து அரித்திருந்தாலோ, பெயர்ந்த இடம் தூணிலோ உத்தரத்திலோ இருந்தாலோ, கட்டமைப்புப் பொறியாளரின் நேரடி ஆய்வு இல்லாமல் யாரையும் கைவைக்க விடக்கூடாது. இதில் சிக்கனம் பார்ப்பதற்கு இடமில்லை.

5. மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் கரும்புள்ளிகள், ஊசிய வாடை

பூஞ்சை இது, நனைந்த பொருளில் ஓரிரு நாளிலேயே பிடிக்கத் தொடங்கிவிடும். பாலித்தீன் தாளின் வெளிப்புறத்தில் துளி கட்டியிருந்தால், காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: மழை நாள்களில் அறைக்குள் துணி காயப்போடுவது, சன்னலைத் திறக்காமல் சமைப்பது, அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைப்பது. அலமாரியை நான்கு விரல் அளவு முன்னுக்கு இழுத்து வைத்து, துணியை வேறு இடத்துக்கு மாற்றி, இரண்டு வாரம் பாருங்கள். செலவு ஒன்றும் இல்லை.

துடைக்கும்போது முகக்கவசமும் ரப்பர் கையுறையும் போட்டு, சன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் பூஞ்சை வீடெங்கும் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் முதலில் துடைக்க வேண்டும். பிறகு டைல்ஸ், கண்ணாடி, எனாமல் பெயிண்ட் போன்ற தண்ணீர் குடிக்காத பரப்புகளில், 4 லிட்டர் தண்ணீரில் ஒரு கப்புக்கு மிகாமல் பிளீச்சிங் திரவம் கலந்து துடைக்கலாம். மரத்திலும் பூச்சிலும் பூஞ்சை உள்ளே ஊடுருவியிருப்பதால் பிளீச்சிங் மேல்நிறத்தை மட்டுமே வெளுக்கும். அங்கே சுரண்டி எடுப்பதும் உலர்த்துவதுமே வழி.

குளியலறை டைல்ஸ் கழுவும் ஆசிடையும் பிளீச்சிங்கையும் எக்காரணம் கொண்டும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சிறிய குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும். வீட்டு வேலைக்கு வருபவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

பரப்பு ஒரு கதவின் அளவுக்கு மேல் போனாலோ, வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தாலோ, துடைத்த இடத்தில் ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தாலோ, நீங்களே துடைப்பதை நிறுத்திவிட்டு ஆள் வைத்துச் செய்யுங்கள். திரும்பி வருவது என்பது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் சொன்ன கசிவு ஒன்று மறைந்திருப்பதற்கான அடையாளம்.

6. வெள்ளம் வடிந்து கழுவிய பின்னும் நாற்றம் போகவில்லை

கழுவிய வரிசை தவறியிருக்கலாம். சேறு ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் வாரி, பிறகு தண்ணீரால் தள்ளி, பிறகு சோப்பால் தேய்த்து, கடைசியில்தான் பிளீச்சிங் தெளிக்க வேண்டும். சேற்றின் மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் மருந்து சேற்றோடு வீணாகிவிடும். எலிக்காய்ச்சல் பரவும் காலம் அது என்பதால் வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் இறங்கக்கூடாது. அலமாரியின் அடித்தட்டைத் திறக்கும் முன் ஒரு குச்சியால் தட்டிவிட்டுத் திறங்கள், பாம்பு அங்கேதான் ஒதுங்கும்.

கழுவியும் வாடை இருந்தால் மூக்கை மூன்று இடங்களுக்குக் கொண்டு செல்லுங்கள். முதலாவது வடிகால் வாய்: அதன் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீருக்குப் பதில் சேறு நின்றால் சாக்கடைக் காற்று மேலே வரும். இரண்டாவது சமையலறை மேடைக்குக் கீழே உள்ள பிளைவுட் அடுக்கு: உப்பிய பிளைவுட் காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது, கழற்றி எறிவதே முடிவு. மூன்றாவது இலவம்பஞ்சு மெத்தை, சோபா: வெள்ளநீரைக் குடித்தவற்றை வெயிலில் போட்டுக் காப்பாற்றலாம் என்று நானும் 2015-இல் முயன்றேன், ஒரு வாரம் மாடியில் உலர்த்தியும் மடிப்புக்குள் சாக்கடை வாடை அப்படியே இருந்தது. எறிவதற்கு முன் காப்பீட்டுக்காகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தரைக்கடியில் உள்ள சம்ப்பில் வெள்ளநீர் கலந்திருந்தால் முழுவதும் இறைத்து, சுவர்களைத் தேய்த்துக் கழுவி, அந்தக் கழுவுநீரையும் இறைத்துவிட்டுத்தான் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். பிறகு 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய 2.5 கிராம் என்ற கணக்கில் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல்தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். குடிப்பதற்கு அதற்குப் பிறகும் காய்ச்சியே பயன்படுத்துங்கள். மூடிய சம்ப்புக்குள் ஆளை இறக்குவது ஆபத்து. மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விட்டு, மேலே ஒருவர் நிற்க, இதையே தொழிலாகச் செய்பவரைக் கொண்டு செய்ய வேண்டும். செப்டிக் டேங்கில் யாரையும் எப்போதும் இறக்கக்கூடாது. இயந்திரம் பொருத்திய லாரியை மட்டுமே அழையுங்கள்.

7. தரை டைல்ஸ் மேலெழுகிறது, நடந்தால் வெற்றோசை வருகிறது

நாணயத்தால் தட்டிக்கொண்டே போய், வெற்றோசை தரும் டைல்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரிரண்டு என்றால் அவற்றை மட்டும் பெயர்த்து, அடியில் மணல் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த மணல் என்றால் ஒட்டுக்கலவை விட்டிருக்கிறது, திரும்ப ஒட்டினால் முடிந்தது. ஈர மணல் என்றால் குழாய்க் கசிவு, 2-அ. வெள்ளத்துக்குப் பின் தரையே ஒரு பக்கமாகத் தாழ்ந்து, சுவருக்கும் தரைக்கும் இடையே இடைவெளி விழுந்திருந்தால் அடிமண் அரித்துப் போயிருக்கிறது. டைல்ஸ்காரரை அல்ல, பொறியாளரை அழைக்க வேண்டும்.

8. மரக்கதவு உப்பி, நிலையில் மாட்டிக்கொள்கிறது

தச்சரை உடனே அழைக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போது இழைத்துச் சீவிய கதவு, மாசி, பங்குனியில் சுருங்கியதும் விரல் நுழையும் இடைவெளியோடு ஆடிக்கொண்டிருக்கும். எங்கள் குடியிருப்பில் அப்படிச் சீவிய இரண்டு கதவுகளுக்குப் பின்னர் ஓரத்தில் சட்டம் அடிக்க வேண்டி வந்தது. முதலில் கீல் திருகுகளை முடுக்கிப் பாருங்கள், சில கதவுகள் உப்பவில்லை, தொங்கித்தான் இருக்கின்றன. பிறகு எந்த இடம் உரசுகிறதோ அங்கே மெழுகைத் தேய்த்துவிட்டு, கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பாருங்கள். பெயிண்டர்கள் அவ்விரண்டையும் அடிக்காமல் விட்டுவிடுவார்கள், மரம் ஈரத்தைக் குடிப்பது அங்கேதான். கதவு தானாகச் சுருங்கும் வரை காத்திருந்து, கழற்றிப் படுக்க வைத்து, அவ்விரண்டு விளிம்புகளுக்கும் பிரைமரும் பெயிண்டும் அடித்து மாட்டினால், அடுத்த மழைக்கு உப்புவது பெரும்பாலும் குறைந்துவிடும். அதற்குப் பிறகும் மாட்டினால் அப்போது, கோடையில், தச்சரை அழைக்கலாம். நிலையின் அடிப்பகுதியைத் திருப்புளியால் குத்தும்போது வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினாலோ, மண்குழல் ஏறியிருந்தாலோ பிரச்சினை ஈரம் மட்டுமல்ல, கரையான்; கரையான் மருந்து அடிப்பவர் வந்து போன பிறகே தச்சர் வர வேண்டும்.